அரை மாத்திரையா, ஊசியா: இதய நோயுள்ள நாய்க்கு நீர்ப்பிரிப்பு மருந்து

கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: எங்கள் வீட்டுப் பொமரேனியனுக்கு 11 வயது, எடை 8 கிலோ. இதய வால்வு தேய்ந்துவிட்டது என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். ஃபுரோசமைடு 40 மி.கி. மாத்திரையைப் பாதியாக உடைத்துக் காலையில் அரை, மாலையில் அரை என்று கொடுத்து வருகிறோம். சென்ற மாதம் ஒரு நள்ளிரவில் மூச்சு இரைத்துத் தவித்தபோது, பதற்றத்தில் ஒரு முழு மாத்திரையை வாயில் திணித்தோம். முக்கால் மணி நேரமாகியும் இரைப்பு குறையவில்லை. பிறகு நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய் ஊசி போட்டதும் அரை மணி நேரத்தில் மூச்சு அடங்கியது. மாத்திரை வெறும் மனச் சமாதானம்தான், ஊசிதான் உண்மையான மருந்து என்று என் நாத்தனார் சொல்கிறார். மாத்திரையை நிறுத்திவிட்டுத் தினமும் ஊசியே போடலாமா?
வாசகி, குளச்சல்

பதில்: அம்மா, அன்று இரவு நீங்கள் கொடுத்த மாத்திரையிலும் மருத்துவர் போட்ட ஊசியிலும் இருந்தது பெரும்பாலும் ஒரே மருந்துதான். கடைகளில் கிடைக்கும் ஃபுரோசமைடு ஊசி மருந்தில் ஒரு மி.லி.க்கு 10 மி.கி. இருக்கும், 2 மி.லி. கொண்ட ஓர் ஆம்பூலில் 20 மி.கி. உங்கள் அரை மாத்திரையிலும் அதே 20 மி.கி.தான். ஆகவே ஊசியில் இருப்பது வலுவான மருந்து, மாத்திரையில் இருப்பது வலுவற்றது என்று எண்ண வேண்டாம். மருந்து இரத்தத்தில் சேரும் வழியும், சேருவதற்கு ஆகும் நேரமும்தான் வேறுபடுகின்றன. நம் மாவட்டத்தில் நான் பார்க்கும் பல வீடுகளில் 'ஊசி போட்டால்தான் பலிக்கும்' என்ற நம்பிக்கை ஆழமாக இருப்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வால்வு தேய்ந்த இதயத்தில், உடலுக்குப் போக வேண்டிய இரத்தத்தின் ஒரு பகுதி ஒவ்வொரு துடிப்பின்போதும் பின்னோக்கிக் கசிகிறது. அந்த அழுத்தம் நுரையீரலின் இரத்தக் குழாய்களில் தேங்கி, நீர் கசிந்து காற்றறைகளில் கோத்துக்கொள்கிறது. ஃபுரோசமைடு நுரையீரலுக்குள் போய் அந்த நீரை உறிஞ்சுவதில்லை. அது சிறுநீரகத்தில், ஹென்லே வளைவு எனப்படும் நுண்குழாய்ப் பகுதியில், உப்பு மீண்டும் இரத்தத்துக்குத் திரும்புவதைத் தடுக்கிறது. திரும்பாத உப்பு தன்னோடு நீரையும் இழுத்துக்கொண்டு சிறுநீராக வெளியேறுகிறது. இரத்தத்தின் அளவு குறைகிறது, குழாய்களின் அழுத்தம் தணிகிறது, அதன் பின்னரே நுரையீரலில் கோத்த நீர் மெல்ல மெல்லக் குழாய்களுக்குத் திரும்புகிறது. மூச்சு அடங்குவதற்கு முன் நாய் ஏராளமாகச் சிறுநீர் கழித்திருப்பதை நீங்கள் அன்று கவனித்திருக்கலாம்.

நாயின் சிரையில் நேராகப் போடும் ஊசி, நம் ஊரில் நரம்பு ஊசி என்று சொல்வது, ஏறக்குறைய 5 நிமிடத்தில் வேலை செய்யத் தொடங்கி, அரை மணி நேரத்தில் உச்சத்தை எட்டி, 2 அல்லது 3 மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். மாத்திரை குடலில் கரைந்து, உறிஞ்சப்பட்டு, சிறுநீரகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். உச்சம் ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில். ஆனால் அதன் பலன் 6 மணி நேரம் வரை நீடிக்கும். நலமான நாயின் குடல், விழுங்கிய ஃபுரோசமைடில் ஏறக்குறைய முக்கால் பங்கை இரத்தத்தில் சேர்த்துவிடுகிறது. முக்கால் பங்கு என்பது மனச் சமாதானம் அல்ல. அதனால்தான் நாள்தோறும் வீட்டில் கொடுக்க மாத்திரையே ஏற்ற வழி: ஊசிக் குத்தலும் பயணமும் இல்லாமல், ஒவ்வொரு வேளையும் பல மணி நேரத்துக்கு நீர் கோக்காமல் பார்த்துக்கொள்கிறது. தினமும் ஒரு நரம்பு ஊசி மட்டும் போட்டால், 3 மணி நேரத்துக்குப் பிறகு எஞ்சிய 21 மணி நேரத்துக்கும் காவல் இல்லை. அந்த இடைவெளியில் சிறுநீரகம் இழந்த உப்பை விடாப்பிடியாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

மூச்சுத் திணறும் நேரத்தில் நிலைமை தலைகீழ். நாய் நாக்கை நீட்டி, முழங்கைகளை அகட்டி, கழுத்தை நீட்டி மூச்சுக்குப் போராடும்போது ஒரு மணி நேரம் காத்திருக்க முடியாது. அத்துடன் அந்த நிலையில் வாயைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, மாத்திரையைத் தொண்டைக்குள் தள்ளுவதே ஆபத்து. நான் தொழிலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஓர் இரவில், முட்டம் பக்கமிருந்து தொலைபேசியில் அழைத்த ஒரு குடும்பத்துக்கு 'இருக்கிற மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்' என்று நானே சொன்னேன். மாத்திரை கொடுக்கும் போராட்டத்திலேயே அந்த நாயின் நாக்கு நீலம் பாரித்துவிட்டது. வண்டி என் வாசலுக்கு வந்தபோது அது உயிரோடு இல்லை. அந்த வார்த்தையை அதன் பின் நான் யாருக்கும் சொல்வதில்லை. வாயில் எதையும் திணிக்காமல், பலர் சூழ்ந்து நிற்காமல், காற்றோட்டமாக, வண்டியின் கண்ணாடியை இறக்கிவிட்டு, நாயைத் தூக்கி மல்லாத்தாமல் அது விரும்பும் நிலையிலேயே இருக்கவிட்டுக் கொண்டு வாருங்கள். புறப்படும் முன் மருத்துவருக்குத் தகவல் சொன்னால், ஆக்சிஜனை ஆயத்தமாக வைத்திருப்பார்.

நாய்களின் மிட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க வால்வு) நோய்க்கு அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரியின் வல்லுநர் குழு 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. நுரையீரலில் நீர் கோத்த அவசர நிலையில் கிலோவுக்கு 2 மி.கி. வீதம் சிரையிலோ தசையிலோ ஊசியாகக் கொடுத்து, மூச்சு அடங்கும் வரை பார்த்துப் பார்த்துத் திரும்பக் கொடுக்க வேண்டும். அபாயம் கடந்த பின் வீட்டில் தொடர்வதற்கு வாய்வழியாகக் கிலோவுக்கு 2 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒரு முறை என்பது வழக்கமான அளவு. உங்கள் நாயின் 8 கிலோவுக்கு அரை மாத்திரை அந்த அளவை ஒட்டியே இருக்கிறது. ஒவ்வொரு நாய்க்கும் இது கூடும், குறையும். அந்த மாற்றத்தை மருத்துவர் செய்ய வேண்டும், நாம் பதற்றத்தில் செய்யக்கூடாது.

நரம்பு ஊசி போடுவதிலும் இரண்டு முறைகள் உண்டு. சில மணி நேரத்துக்கு ஒரு முறை மொத்தமாகச் செலுத்துவது ஒன்று. சிரிஞ்சு பம்ப் என்னும் கருவியால் சொட்டுச் சொட்டாகத் தொடர்ந்து செலுத்துவது மற்றொன்று. ஃபுரோசமைடு சிறுநீர்க் குழாயின் உட்புறத்திலிருந்து வேலை செய்யும் மருந்து. மொத்தமாகச் செலுத்தும்போது அங்கே மருந்து உயர்ந்து பின் வற்றிவிடுகிறது. சொட்டாகச் செலுத்தும்போது ஒரே சீராக நிற்கிறது. 2003இல் நலமான கிரேஹவுண்ட் நாய்களில் இந்த இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வில், தொடர்ந்து செலுத்திய முறையில் சிறுநீரும் அதில் வெளியேறிய சோடியமும் அதிகமாகவும், பொட்டாசியம் இழப்பு குறைவாகவும் இருந்தன. மேலே சொன்ன வழிகாட்டுதலும், ஊசிக்கு அடங்காத கடுமையான நிலையில் முதலில் ஒரு மொத்த அளவைக் கொடுத்துவிட்டு, மணிக்குக் கிலோவுக்கு 0.66 முதல் 1 மி.கி. வரை தொடர்ந்து செலுத்தலாம் என்கிறது. ஆனால் அதற்குப் பம்ப்பும், இரவெல்லாம் பக்கத்தில் இருந்து பார்ப்பவரும், இரத்தப் பரிசோதனை வசதியும் வேண்டும். இந்த வசதி நம் பக்கத்தில் எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. அது இல்லாத இடத்தில், முறையாக இடைவெளி விட்டுப் போடும் ஊசியைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. பெரும்பாலான நாய்கள் அதிலேயே தேறிவிடுகின்றன.

ஆக, உங்கள் நாய்க்கு மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஆனால் மாத்திரை தவறாமல் போய்க்கொண்டிருந்தும் அந்த இரவில் ஏன் நீர் கோத்தது என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். அளவு போதாமல் இருக்கலாம். வால்வின் தாங்கு நாண் ஒன்று அறுந்திருக்கலாம். முந்தைய நாள் உப்பு மிகுந்த உணவு எதையாவது தின்றிருக்கலாம். ஃபுரோசமைடு தனியாகவே கொடுக்கப்பட்டு வந்தால், பிமோபென்டான், எனலாப்ரில் அல்லது பெனசெப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் ஆகியவற்றில் எவற்றைச் சேர்க்க வேண்டும் என்றும் கேளுங்கள். நீர்ப்பிரிப்பு மருந்து இரத்தத்தின் அளவைக் குறைக்கும்போது, உடல் அதை ஆபத்தாக எடுத்துக்கொண்டு உப்பைத் தக்கவைக்கும் இயக்குநீர்களை (ஹார்மோன்களை) சுரக்கிறது. அந்த எதிர்வினையைத் தணிக்கவும் இதயத்தின் வலுவைக் கூட்டவும்தான் மற்ற மருந்துகள். பிமோபென்டானை மட்டும் உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுங்கள். சோற்றோடு கொடுத்தால் உடலில் சேருவது குறைகிறது.

இன்று இரவு முதல் ஒரு வேலையையும் தொடங்குங்கள். நாய் அயர்ந்து தூங்கும்போது, கனவில் கால் உதைக்காத நேரம் பார்த்து, விலா எழுந்து தாழ்வதை ஒரு மூச்சு என்று கணக்கிட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். தினமும் குறித்து வையுங்கள். நிமிடத்துக்கு 30க்குள் இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. 30ஐத் தாண்டினால் சற்று நேரம் கழித்து மீண்டும் எண்ணுங்கள். அப்போதும் தாண்டியே இருந்தால் விடியும் வரை காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள். சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும் நேரத்தில் எண்ணினால் கணக்கு தவறும். இந்த எண்ணிக்கை ஏறத் தொடங்கும் முதல் நாளிலேயே மாத்திரையின் அளவை மாற்றிவிட்டால், நள்ளிரவு ஊசிக்கான தேவை பல நாய்களுக்கு வராமலே போகிறது.

கேள்வி: எங்கள் நாய் மாத்திரையைக் கண்டாலே ஓடுகிறது. நெத்திலிக் கருவாட்டுக்குள் வைத்துக் கொடுத்தால் மட்டும் தின்கிறது. இது சரியா? மேலும் மருந்து தொடங்கியதிலிருந்து ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது, வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கிறது. இரவில் தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்துவிடலாமா?
வாசகர், கருங்கல்

பதில்: உப்பை வெளியேற்றும் மருந்தை உப்பில் பொதிந்து கொடுக்கிறீர்கள். கருவாட்டை இன்றோடு நிறுத்திவிடுங்கள். உப்பிடாத அவித்த மீன், முட்டையின் வெள்ளைக்கரு, இட்லித் துண்டு, நம் மட்டி வாழைப்பழத்தில் ஒரு சிறு துண்டு, இவற்றில் எதிலாவது பொதிந்து கொடுக்கலாம். முதலில் மருந்தில்லாத துண்டு ஒன்றும், பிறகு மருந்துள்ள துண்டும், உடனே இன்னொரு வெறுந்துண்டும் கொடுத்தால் மோப்பம் பிடிக்க நேரம் இருக்காது. பழத்தைத் தாராளமாக ஊட்ட வேண்டாம். எனலாப்ரிலும் ஸ்பைரோனோலாக்டோனும் பொட்டாசியத்தை உடலில் நிறுத்தும் மருந்துகள். அவற்றோடு பொட்டாசியம் மிகுந்த ஏத்தன் வாழைப்பழமும் இளநீரும் தினமும் சேர்வது நல்லதல்ல.

தண்ணீர்ப் பாத்திரத்தை எந்த நேரத்திலும் எடுக்கவே கூடாது. மருந்து நீரை வெளியேற்றுவதால்தான் தாகம் எடுக்கிறது. தாகத்தை அடக்கினால் நுரையீரல் காய்வதற்கு முன் சிறுநீரகம் காய்ந்துவிடும். மாலை வேளை மருந்தை 6 மணிக்கே கொடுத்துவிட்டால், அதன் வேகம் நீங்கள் படுக்கப் போகும் முன்பே பெரும்பாலும் தணிந்துவிடும். மருந்து கொடுத்த முதல் மூன்று மணி நேரத்தில் இரண்டு மூன்று முறை வெளியே கொண்டுபோங்கள். அதையும் மீறி உள்ளே நனைத்துவிட்டால் தயவுசெய்து அதட்டாதீர்கள். அடக்க முடியாத அளவுக்கு நாம்தான் சுரக்க வைக்கிறோம்.

ஒரு வேளை மறந்துபோனால் நினைவு வந்ததும் கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டு வேளை மருந்தைச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: என் மகன் செவிலியராகப் பணிபுரிகிறான். எங்கள் நாய்க்கு வயிற்றில் நீர் கோத்து, மாத்திரை முன்போல் பிடிக்கவில்லை. தோலுக்கடியில் ஊசியை வீட்டிலேயே போடலாம் என்று கேள்விப்பட்டோம். டார்செமைடு என்ற மாத்திரை இதைவிட நல்லது என்றும் ஒருவர் சொன்னார். எதைச் செய்வது?
வாசகி, தக்கலை

பதில்: இரண்டுமே உண்மையான வழிகள்தாம், இரண்டும் மருத்துவர் எழுதிக் கொடுத்த பின்னரே. இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்து வயிற்றில் நீர் கோக்கும்போது குடலின் சுவரும் நீரால் வீங்குகிறது. அப்போது விழுங்கும் ஃபுரோசமைடு முன்போல் உறிஞ்சப்படுவதில்லை. ஒரே நாயில்கூட ஒரு நாள் போல மறுநாள் இருப்பதில்லை. 'மாத்திரை பிடிக்கவில்லை' என்று நீங்கள் சொல்வதற்கு இது முக்கியமான காரணங்களில் ஒன்று. தோலுக்கடியில் போடும் ஊசி குடலைத் தவிர்த்துவிடுவதால், இத்தகைய நாய்களில் தினம் ஒரு வேளை மாத்திரைக்குப் பதிலாக ஊசியைக் கற்றுக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் மருத்துவர்களிடம் உண்டு. நரம்பு ஊசி அளவுக்கு அது விரைவானதல்ல. மூச்சுத் திணறலுக்கு அதை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது.

மகனுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்கிறேன். இந்த மருந்து காரத்தன்மை கொண்டது. தோலுக்கடியில் எரிச்சல் தரும். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைத் தூக்கிப் பிடித்து, வேளைக்கு வேளை இடத்தை மாற்றிப் போட வேண்டும். வேறு எந்த மருந்தோடும் ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது. அமிலத்தன்மையுள்ள மருந்தோடு சேர்ந்தால் படிகமாகத் திரிந்துவிடும். வெளிச்சம் பட்டு மஞ்சளாகிப் போன ஆம்பூலைப் பயன்படுத்தாதீர்கள். உடைத்த ஆம்பூலில் மீதி இருந்தால் கொட்டிவிடுங்கள். நரம்பு ஊசியை வீட்டில் முயலவே வேண்டாம்.

டார்செமைடு அதே இனத்தைச் சேர்ந்த மருந்து. குடலிலிருந்து சீராக உறிஞ்சப்படும். பலன் ஏறக்குறைய 12 மணி நேரம் நீடிக்கும். பல நாய்களுக்கு நாளுக்கு ஒரு வேளையே போதும். உங்கள் நாயின் நிலையில் நான் ஊசியைவிட இதையே முதலில் நினைப்பேன். ஆனால் ஒன்றை மிகுந்த அக்கறையோடு சொல்ல வேண்டும்: ஃபுரோசமைடைவிட இது 10 முதல் 20 மடங்கு வீரியமானது. 20 மி.கி. ஃபுரோசமைடு வாங்கிய நாய்க்கு ஒன்று அல்லது இரண்டு மி.கி. டார்செமைடு. மனிதர்களுக்கான 10, 20 மி.கி. மாத்திரைகள்தான் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. எண்ணைப் பார்த்து 'அதே 20தானே' என்று மாற்றிக் கொடுத்த நாய்கள் உடல் வற்றி, சிறுநீரகம் செயலிழந்து என் மேசைக்கு வந்திருக்கின்றன. மருந்தை மாற்றும் நாளில் அளவை மருத்துவரிடம் மி.கி. கணக்கில் எழுதி வாங்குங்கள். இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பதா, ஒன்றை நிறுத்துவதா என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

எந்த வழியில் கொடுத்தாலும், தொடங்கிய அல்லது அளவை மாற்றிய இரண்டு வாரத்துக்குள் யூரியா, கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றுக்கு இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். உணவை ஒதுக்குவது, ஈறு வறண்டு பிசுபிசுப்பது, பின்னங்கால் தளர்வது ஆகியவை மருந்து மிகுந்துவிட்டதன் அறிகுறிகளாக இருக்கலாம். மூட்டு வலிக்கு மெலாக்சிகாம் போன்ற வலி மருந்தையோ, காயத்துக்கு ஜென்டாமைசின் ஊசியையோ யாரேனும் எழுதினால், நாய் இந்த மருந்தில் இருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள். முதலாவது சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தி நீர்ப்பிரிப்பையும் குறைக்கும். இரண்டாவது இதோடு சேர்ந்தால் காதின் கேட்கும் திறனையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும்.

கேள்வி: மாத்திரைக்குப் பதிலாக வாழைத்தண்டுச் சாறும் சிறுநெருஞ்சில் குடிநீரும் கொடுத்தால் பக்கவிளைவு இருக்காதல்லவா?
வாசகர், பூதப்பாண்டி

பதில்: இதய நோயுள்ள நாய்க்குக் கொடுக்க வேண்டாம். நுரையீரலில் கோத்த நீரை வெளியேற்ற எத்தனை மி.லி. சாறு வேண்டும், அது எத்தனை மணி நேரம் நிற்கும் என்று அளந்து சொல்ல வழியில்லை. ஃபுரோசமைடுக்கு அந்தக் கணக்கு தெரியும். சாறு கொடுத்துப் பார்க்கும் மூன்று நாளில் நாய் மூழ்கிவிடலாம்.

கேள்வி: எங்கள் தெருவில் வளரும் நாட்டு நாய்க்கு வயிறு பானைபோல் வீங்கியிருக்கிறது. பக்கத்து வீட்டு நாய்க்கு எழுதிய நீர் மாத்திரை மீதி இருக்கிறது. கொடுக்கலாமா?
வாசகர், தோவாளை

பதில்: அதற்கு இரங்கிக் கேட்டீர்களே, நன்றி. ஆனால் கொடுக்காதீர்கள். வயிறு வீங்கும் நாய்கள் எல்லாவற்றுக்கும் இதய நோய் இருப்பதில்லை. கல்லீரல் கெட்டாலும், உண்ணிக் காய்ச்சலாலோ குடற்புழுவாலோ இரத்தத்தில் புரதம் குறைந்தாலும், உள்ளே கட்டி இருந்து இரத்தம் கசிந்தாலும் வயிறு வீங்கும். பெண் நாயாக இருந்தால் கருவாகக்கூட இருக்கலாம். இதயத்தைச் சுற்றிய உறைக்குள் நீர் கோத்திருந்தாலும் வயிறு வீங்கும். அப்போது நீர்ப்பிரிப்பு மருந்து இதயத்துக்கு வரும் இரத்தத்தை மேலும் குறைத்து நாயை மயக்கத்தில் தள்ளிவிடும். கல்லீரல் காரணமான வீக்கத்துக்கும் பெரும்பாலும் ஸ்பைரோனோலாக்டோனில்தான் தொடங்குவோம். அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனால், ஊசியால் சிறிதளவு நீரை எடுத்து அதன் நிறத்தையும் தெளிவையும் பார்த்தே பாதிக் காரணங்களை ஒதுக்கிவிட முடியும். நாய் கடிக்காமலிருக்க ஒரு துணி நாடாவால் வாயைக் கட்டலாம். மூச்சு இரைத்துக்கொண்டிருந்தால் மட்டும் வாயைக் கட்டாமல், மருத்துவரை அது இருக்கும் இடத்துக்கே அழையுங்கள்.